கதை படித்தால் தப்பெண்ணம் போகுமா?

நீங்கள் கேட்டிருப்பதை, நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெரியப்பா ஐம்பது ஆண்டுகளாக நாவலும் கவிதையும் வாசித்து வருபவர். கதையில் யாரோ ஒருவர் படும் துன்பத்தைப் படித்துவிட்டுக் கண்கலங்குகிற அதே மனிதர், வீட்டில் ஒரு குறிப்பிட்ட பிரிவினரைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவங்க எல்லாருமே அப்படித்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அதைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துபோன நீங்கள், கலையும் இலக்கியமும் தப்பெண்ணத்தைப் போக்கும் என்பது உண்மையா, அல்லது எழுதுகிறவர்கள் தங்களைத் தேற்றிக்கொள்வதற்காகச் சொல்லிக்கொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பொதுவானதாகத் தெரிந்தாலும், இத்தனை படித்தவரையே மாற்றாத புத்தகம் வேறு யாரை மாற்றிவிடும் என்பதும், இனி அவர் கையில் எதைக் கொடுப்பது என்பதும்தான் அதற்குள் இருக்கும் உண்மையான கேள்விகள் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் சமூக உளவியல் படித்து, அதையே கல்லூரியில் கற்பித்தவன். பத்தொன்பது ஆண்டுகளாக மாதம் இருமுறை ஒரு வாசிப்பு வட்டத்தையும் நடத்தி வருகிறேன். இந்த இரண்டு அனுபவங்களும் பல இடங்களில் ஒத்துப்போகின்றன. சில இடங்களில் முரண்படுகின்றன. சுருக்கமாக என் முடிவு இதுதான்: தப்பெண்ணத்தைத் தளர்த்தும் சக்தி கலைக்கு உண்டு, ஆனால் புத்தகம் தன்னந்தனியாக அதைச் செய்வது அரிது. வாசித்ததைப் பற்றி இன்னொருவர் முன்னால் வாய்திறந்து பேச நேரும்போதுதான் பெரும்பாலும் ஏதாவது நகர்கிறது. அப்படி நகரும்போதுகூட, முதலில் மாறுவது ஒருவருடைய உள்ளார்ந்த நம்பிக்கை அன்று. தன் மனிதர்களுக்கு நடுவே எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவர் வைத்திருக்கும் கணக்குதான் முதலில் மாறுகிறது. உங்கள் பெரியப்பாவின் விஷயத்தில் இது மிகவும் முக்கியம் என்பதால் பின்னால் மீண்டும் இதற்கு வருவேன்.

தப்பெண்ணம் என்று எதைச் சொல்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஹார்வர்டு உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட நூலில் செய்த ஒரு வேறுபாடு இன்றும் பயன்படுகிறது. ஒருவரைப் பற்றித் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது மட்டும் தப்பெண்ணம் ஆகாது. சரியான தகவல் கிடைத்ததும் எண்ணத்தைத் திருத்திக்கொண்டால் அது வெறும் தவறான புரிதல். புதிய தகவல் வந்தபிறகும் அசைந்துகொடுக்காத முன்முடிவுதான் தப்பெண்ணம். அது எப்படி அசையாமல் நிற்கிறது என்பதையும் அவர் காட்டினார். தன் எண்ணத்துக்குப் பொருந்தாத ஒரு நல்ல மனிதரைச் சந்திக்கும்போது, தப்பெண்ணம் உடையவர் வேலியில் ஒரு சிறு திறப்பை உண்டாக்கி அவரை மட்டும் வெளியே விட்டுவிட்டு, வேலியை உடனே மறுபடியும் அடைத்துவிடுகிறார். "அவர் ரொம்ப நல்லவர், ஆனா அவரைப்போல அவங்கள்ல யாரும் கிடையாது" என்பது அந்த அடைப்பின் சத்தம். கதாபாத்திரங்களையும் அப்படியே வெளியே விட்டுவிடலாம். உங்கள் பெரியப்பா ஐம்பது ஆண்டுகளாக அழுததெல்லாம் அப்படி விதிவிலக்காக்கப்பட்ட மனிதர்களுக்காக இருக்கக்கூடும். ஆகவே அந்தக் கண்ணீரைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அது வேலியைத் தொடாத கண்ணீர், அவ்வளவுதான்.

இந்த வேலியை இலக்கியம் எப்போது தொடுகிறது என்பதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' தன்வரலாற்றில், மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி பள்ளி விட்டு வேடிக்கை பார்த்தபடியே வீட்டுக்கு வருகிறாள். அவள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், ஒரு சிறு பொட்டலத்தைக் கையில் ஏந்தாமல், கட்டியிருக்கும் கயிற்றை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். அத்தனை பெரிய மனிதர் அப்படி நடந்து வருவது சிறுமிக்குச் சிரிப்பாக இருக்கிறது. பொட்டலம் அவிழ்ந்து விழுந்துவிடாதா என்றும் தோன்றுகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. பொட்டலத்தில் இருக்கும் தின்பண்டத்தை வாங்கி உண்ணப்போகிறவர் மேல்சாதிக்காரர். இவர் கை பட்டால் தீட்டு என்பதால்தான் கயிற்றைப் பிடித்துத் தூக்கி வந்தார் என்று விளக்குகிறார். அதற்குப் பிறகு அவளுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

இந்தக் காட்சியை வாசிக்கிறவருக்கு என்ன நேர்கிறது என்று கவனியுங்கள். தீண்டாமை தவறு என்று யாரும் அவரிடம் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் அவர் தயாராக வைத்திருக்கும் எதிர்வாதங்களை எடுத்திருப்பார். அவர் செய்ததெல்லாம் ஒரு குழந்தையோடு சேர்ந்து சிரித்ததுதான். காரணம் தெரியவரும்போது குழந்தையின் சிரிப்போடு அவருடைய சிரிப்பும் நின்றுபோகிறது. சிரித்தபோது அவர் அந்தச் சிறுமியின் இடத்தில் இருந்தார். சிரிப்பு நின்றபோதும் அங்கேதான் இருக்கிறார். அந்த இடத்திலிருந்து உடனே எழுந்து தன் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வது எளிதன்று. கதைக்குள் மூழ்கியிருக்கும் மனம் எதிர்வாதம் செய்வதைக் குறைத்துக்கொள்கிறது என்று உளவியல் ஆய்வுகள் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். என் பார்வையில் இலக்கியத்தின் முதல் பலம் இங்கே இருக்கிறது: எண்ணிக்கையாகவும் பெயராகவும் மட்டும் தெரிந்த ஒரு கூட்டத்திலிருந்து, ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட தெருவில், ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்துகொண்டிருக்கும் ஒருவரை அது நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது.

இரண்டாவது பலம் இதைவிட அரியது. அது வாசகரையே அவருக்குக் காட்டிக்கொடுப்பது. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் 1983இல் ஒரு சிறுகதை வெளியிட்டார். ட்வைலா, ராபர்ட்டா என்ற இரண்டு சிறுமிகள் ஆதரவற்றோர் இல்லத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள். வளர்ந்தபின்னும் அவ்வப்போது எதிர்ப்படுகிறார்கள். ஒருத்தி கறுப்பினத்தவள், மற்றவள் வெள்ளையினத்தவள். யார் எவர் என்பது கதையில் கடைசிவரை எங்குமே சொல்லப்படுவதில்லை. எங்கள் வட்டத்தில் இதை நானே தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்துக் காட்டினேன். முடித்ததும், யார் எந்த இனம், எதை வைத்து அப்படி முடிவு செய்தீர்கள் என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் தயங்கவே இல்லை. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், "ராபர்ட்டா கறுப்பினம். இல்லத்தில் இருந்தபோது அவளுக்கு எழுத்தே வாசிக்கத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். அவருக்கு அடுத்து அமர்ந்திருந்த அம்மையார், "ராபர்ட்டா வெள்ளையினம். பிற்காலத்தில் பணக்காரக் கணவன், வேலையாட்கள், ஓட்டுநர் வைத்த கார் எல்லாம் அவளுக்கு இருக்கிறது" என்று எழுதியிருந்தார். இரண்டு சீட்டுகளையும் அடுத்தடுத்து வாசித்தபோது அறையில் யாரும் பேசவில்லை. எழுத்தறியாதவள் என்றால் இன்னார், வசதியானவள் என்றால் இன்னார் என்ற கணக்கு கதையில் எங்கும் இல்லை. அதை வாசித்தவர்கள்தான் உடன் கொண்டுவந்திருந்தார்கள். அந்த அதிகாரி சீட்டைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, தன்னை அந்த முடிவுக்கு இட்டுச்சென்ற ஒவ்வொரு வரியையும் பென்சிலால் கோடிட்ட பிரதி அவர் கையில் இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளில், ஒரு கதை வேலை செய்வதை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்தது அன்றுதான்.

ஆனால் இந்தச் சக்தி இரண்டு பக்கமும் வெட்டும் என்பதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. கலை தப்பெண்ணத்தைக் குறைத்ததற்கான சான்றுகளைவிட, வளர்த்ததற்கான சான்றுகள் சில இடங்களில் வலுவாகவே இருக்கின்றன. 1915இல் அமெரிக்காவில் வெளிவந்த டி. டபிள்யூ. கிரிஃபித்தின் 'த பர்த் ஆஃப் எ நேஷன்' என்ற மௌனப்படம், கறுப்பினத்தவரை அச்சமூட்டும் கூட்டமாகவும் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பினரை மீட்பர்களாகவும் காட்டியது. கலைந்துபோயிருந்த அந்த அமைப்பு அதே ஆண்டில் மறுபடியும் தொடங்கப்பட்டது. பின்னர் ரூத் பீட்டர்சன், லூயி தர்ஸ்டோன் என்ற ஆய்வாளர்கள் இல்லினாய் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் பள்ளி மாணவர்களுக்கு இப்படத்தைக் காட்டி, முன்னும் பின்னும் அவர்களுடைய மனப்பான்மையை அளந்து, 1933இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கறுப்பினத்தவரோடு பெரும்பாலும் பழகியே இராத அந்தப் பிள்ளைகளின் எண்ணம் படம் பார்த்தபின் தெளிவாகக் கெட்டிருந்தது. ஐந்து மாதங்கள் கழித்து அளந்தபோதும் அதன் பெரும்பகுதி அப்படியே இருந்தது. அதே ஆய்வாளர்கள் சீனரைப் பரிவோடு காட்டிய வேறொரு படத்தை இன்னோர் ஊரில் காட்டியபோது, சீனரைப் பற்றிய பிள்ளைகளின் எண்ணம் நல்லபடியாக மாறியது. நேரில் அறியாத மனிதர்களைப் பற்றிக் கலைதான் முதன்முதலாகச் சொல்கிறது என்றால், அது சொல்வது நல்லதோ கெட்டதோ ஆழமாகவே பதிகிறது என்பதை இவ்விரண்டும் சேர்ந்து காட்டுகின்றன.

படைப்பின் நோக்கம் நல்லதாக இருந்துவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. 1971இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ஒரு நகைச்சுவைத் தொடரில், ஆர்ச்சி பங்கர் என்ற இனவெறி கொண்ட குடும்பத்தலைவரை நையாண்டி செய்திருந்தார்கள். பார்ப்பவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்து, தங்களுக்குள் இருக்கும் அதே குணத்தை உணர்வார்கள் என்பது எதிர்பார்ப்பு. 1974இல் நீல் விட்மாரும் மில்டன் ரோக்கீச்சும் வெளியிட்ட ஆய்வில் தெரியவந்தது வேறு: ஏற்கெனவே தப்பெண்ணம் மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியை விரும்பினார்கள், வாதத்தில் அவரே வெல்வதாகவும் பலர் கருதினார்கள். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் ஷைலாக், யூதனுக்குக் கண்கள் இல்லையா என்று கேட்கும் இடத்தை உலகெங்கும் மனிதநேயத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். அதே நாடகத்தை 1943இல், யூதர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், வியன்னாவின் பர்க் அரங்கில் வெர்னர் கிராவுஸ் என்ற பெரும் நடிகரை ஷைலாக்காக நடிக்கவைத்து யூத வெறுப்புக்காகவே மேடையேற்றினார்கள். கலைஞன் என்ன நினைத்தான் என்பது ஒரு பாதிதான். பார்க்கிறவர்கள் எந்தச் சூழலில், யாரோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பது மற்றப் பாதி.

இரக்கத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் பெரியப்பாவின் கண்ணீர் அந்த இடத்தில்தான் நிற்கிறது. ஹாரியட் பீச்சர் ஸ்டோ அடிமைமுறையை எதிர்த்து எழுதிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' 1852இல் நூலாக வந்து, முதலாண்டிலேயே அமெரிக்காவில் ஏறத்தாழ மூன்று லட்சம் பிரதிகள் விற்றது. அடிமைமுறைக்கு எதிரான உணர்வை அது பெருக்கியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நாவலின் டாம் எதையும் பொறுத்துக்கொள்ளும் புனிதன். மேடை நாடகங்களாகப் பல்லாண்டுகள் சுற்றிவந்தபோது, அடங்கி ஒடுங்கிய கறுப்பினத்தவர் என்ற புதியதோர் அச்சாகவே அந்தப் பாத்திரம் மாறிப்போனது. 1949இல் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அந்நாவலைக் கடுமையாக விமரிசித்து ஒரு கட்டுரை எழுதினார். மனிதனின் சிக்கலை மறுத்து அவனை ஒரு வகைமாதிரியாகச் சுருக்குவதை அது எதிர்த்தது. நான் முழுமையாக அவர் பக்கம். இரக்கம் கொள்வதற்கு நாம் உயரத்தில் நின்றால் போதும். மதிப்பதற்கு எதிரில் இருப்பவரின் கோபத்தையும் தந்திரத்தையும் தவற்றையும்கூட ஏற்றுக்கொள்ள வேண்டும். தாழ்த்தப்பட்டவரை நல்லவராக மட்டுமே காட்டும் கதை, அவர் நல்லவராக இல்லாத அன்று அவரைக் கைவிட்டுவிடுகிறது.

ஓவியத்தில் இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்பெயின் நாட்டு ஓவியர் வெலாஸ்க்கஸ், தன்னிடம் அடிமையாக இருந்து பட்டறையில் உதவிவந்த ஹுவான் தெ பரேஹாவை 1650இல் ரோம் நகரில் வரைந்தார். பிரபுக்களை வரையும் அதே தோரணையில், கழுத்தில் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் மார்பின் குறுக்கே வைத்த கையுமாக, பார்ப்பவரை நேருக்கு நேர் நோக்கும் கண்களோடு அவரைத் தீட்டியிருக்கிறார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, புன்னகையும் இல்லை. அந்த முகத்தின் முன்னால் இரக்கத்துக்கு இடமில்லாமல் போகிறது. அதே ஆண்டின் இறுதியில் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது, அதுவும் இன்னும் நான்கு ஆண்டுகள் பணிபுரிந்தபின் செல்லும் என்ற நிபந்தனையோடு. ஓவியம்தான் விடுதலையைக் கொண்டுவந்தது என்று சொல்லச் சான்று இல்லை. ஒரு மனிதரைச் சமமாகக் கண்ட கண்ணும், அவரை இன்னும் நான்கு ஆண்டுகள் உடைமையாக வைத்துக்கொண்ட கையும் ஒரே ஆளுடையவை என்பது மட்டும் உறுதி. உங்கள் பெரியப்பாவைப் புரிந்துகொள்ள இது ஓரளவு உதவலாம்.

இனி, இன்றைய ஆய்வுகளில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பார்ப்போம். இலக்கியத்தரமான கதையைச் சிறிதுநேரம் வாசித்தாலே பிறர் மனத்தைப் புரிந்துகொள்ளும் திறன் கூடுகிறது என்று 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு மிகவும் புகழ்பெற்றது. கண்கள் மட்டும் தெரியும் புகைப்படங்களைக் காட்டி, அந்த மனிதர் என்ன உணர்கிறார் என்று கேட்பது அதில் பயன்படுத்திய முக்கியச் சோதனை. அதே முறையை 2016இலும் 2018இலும் வேறு ஆய்வாளர்கள் கூடுதல் ஆட்களைக் கொண்டு செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே ஒரே ஒரு சிறுகதையை வாசித்தால் பரிவு வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் விருப்பத்துக்கு இசைவாக இருக்கிறது என்பதற்காகவே அந்தச் செய்தி அவ்வளவு தூரம் பரவியது. அதற்கும் மேலே, தப்பெண்ணத்தைக் குறைக்கும் முயற்சிகள் பற்றிய 418 சோதனைகளைத் தொகுத்து 2021இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு, அவற்றில் முக்கால்வாசி குறுகியநேர, மேலோட்டமான முயற்சிகளே என்றும், நீண்டகாலப் பலனை அவற்றைக்கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் காட்டியது.

குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் இவற்றைவிட நம்பிக்கை தருகின்றன, ஆனால் ஒரு நிபந்தனையோடு. இங்கிலாந்தில் லிண்ட்சே கேமரனும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், தஞ்சம் தேடி வந்த குழந்தைகளும் உள்ளூர்க் குழந்தைகளும் நண்பர்களாக இருக்கும் கதைகளை வாரம் ஒன்றாக ஆறு வாரம் வாசித்துக் கலந்துரையாடவைத்தார்கள். அக்குழந்தைகளின் மனப்பான்மை மேம்பட்டது. அதிலும், "நாம் எல்லோரும் ஒரே பள்ளி" என்று மட்டும் சொன்ன கதைகளைவிட, ஒரே பள்ளி என்பதையும் அவரவர் வந்த இடம் வேறு என்பதையும் சேர்த்தே சொன்ன கதைகள் கூடுதலாகப் பலன் தந்தன. வேறுபாட்டை அழித்துவிட்டு ஒற்றுமை பேசுகிற கதைகளை நான் குறைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தாலியில் நடந்த மற்றொரு சிறிய ஆய்வில், ஹாரி பாட்டர் கதையில் இழிவுபடுத்தல் நிகழும் பகுதிகளை வாசித்துப் பேசிய குழந்தைகளில், ஹாரியோடு தங்களை ஒன்றாக்கிக்கொண்டவர்களிடம்தான் குடியேறியவர்களைப் பற்றிய எண்ணம் மாறியது. இரண்டு ஆய்வுகளிலும் வாசிப்போடு பேச்சும் சேர்ந்தே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

எனக்கு மிகுந்த தெளிவைத் தந்தது ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவிலிருந்து வந்த ஆய்வுதான். டுட்சி இன மக்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்ட 1994 இனப்படுகொலையின்போது வெறுப்பை வீடு வீடாகக் கொண்டுசேர்த்ததில் ஒரு வானொலி நிலையத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பத்தாண்டுகள் கழித்து, அதே ஊடகத்தில் 'முசெக்கெவேயா' என்ற தொடர் நாடகம் ஒலிபரப்பானது. இரண்டு கற்பனை ஊர்கள், அவற்றுக்கிடையே வளரும் பகை, எல்லையைத் தாண்டிக் காதலிக்கும் இருவர், பெரியவர்களை எதிர்த்துக் கேள்வி கேட்கும் இளைஞர்கள் என்று கதை போகிறது. எலிசபெத் லெவி பாலக் என்ற உளவியலாளர், சில ஊர்களின் மக்களை ஓராண்டு முழுக்க இந்நாடகத்தையும், வேறு சில ஊர்களின் மக்களை உடல்நலம் பற்றிய இன்னொரு நாடகத்தையும் குழுவாக உட்கார்ந்து கேட்கவைத்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டார். வன்முறை எப்படி உண்டாகிறது என்பது போன்றவற்றில் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கை பெரிதாக மாறவில்லை. ஆனால் கலப்புத் திருமணம் செய்யலாமா, மாற்றுக்கருத்தை வெளிப்படையாகச் சொல்லலாமா, அடுத்தவரை நம்பலாமா என்பவற்றில், தம் மக்களிடையே எது ஏற்புடையது என்ற எண்ணம் மாறியிருந்தது.

அது வெறும் வாய்ச்சொல் இல்லை என்பதற்கும் ஓர் அடையாளம் கிடைத்தது. ஆய்வின் முடிவில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கேசட் பிளேயரையும் நாடகத்தின் ஒலிநாடாக்களையும் பரிசாகக் கொடுத்து, எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று அவர்களையே முடிவு செய்யச் சொன்னார்கள். உடல்நல நாடகம் கேட்ட குழுக்களில், ஊர்ப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடலாம் என்று யாரோ சொல்ல, மற்றவர்கள் பெரும்பாலும் அதோடு ஒத்துப்போனார்கள். முசெக்கெவேயா கேட்ட குழுக்களில், அந்த யோசனையை ஏற்காமல் எழுந்து பேசினார்கள். வாதாடி, பொதுவில் வைத்துக்கொள்ளும் வழிகளைத் தேடினார்கள். ஒரு கேசட் பிளேயரை யார் வைத்துக்கொள்வது என்பது சின்ன விஷயம்தான். ஆனால் மேலேயிருந்து வந்த கட்டளைக்கு மறுபேச்சில்லாமல் கீழ்ப்படிந்ததால் நேர்ந்த கொடுமையைக் கண்ட மண்ணில், ஒருவர் எழுந்து "எனக்கு அதில் சம்மதமில்லை" என்று சொன்னதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

என் சொந்த அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வட்டத்துக்கு வருகிறவர்கள் தாமாக விரும்பி வருகிறவர்கள். மாறத் தயாராக இருப்பவர்கள்தான் பெரும்பாலும் அப்படி வருவார்கள். அவர்களிடம் நான் கண்ட மாற்றத்துக்குக் கதைதான் காரணமா, வயதா, பழக்கமா, கூடவே உட்கார்ந்திருந்த வேறு பிரிவைச் சேர்ந்த நண்பரா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் பெரும்பங்கு இருக்கும் என்பது என் ஊகம். சமமான நிலையில், பொதுவான ஒரு வேலைக்காக, ஒத்துழைத்துப் பழகும்போது தப்பெண்ணம் குறைகிறது என்று ஆல்போர்ட் சொன்னது, ஒரே நாவலைப் பற்றிச் சண்டையிடும் ஒரு வாசிப்பு வட்டத்துக்கும் பொருந்துகிறது. இன்னொன்று: கலை மனத்தை மாற்றலாம், வேலை மறுப்பதையும் வீடு தர மறுப்பதையும் கலை தடுக்காது. அதற்குச் சட்டம் வேண்டும்.

உங்கள் பெரியப்பாவிடம் வருவோம். "இதைப் படிச்சா உங்களுக்குப் புரியும்" என்று சொல்லி எந்தப் புத்தகத்தையும் கொடுக்காதீர்கள். மருந்து என்று தெரிந்தால் அவர் வாய்திறக்க மாட்டார். எழுத்தின் அழகுக்காக அவரே விரும்பக்கூடிய நூலாகத் தேடுங்கள். அவர் இழிவாகப் பேசும் பிரிவைச் சேர்ந்தவர்களே எழுதியதாக அது இருக்கட்டும். அதில் வருகிறவர்கள் புனிதர்களாக இல்லாமல், கோபமும் பொறாமையும் கெட்டிக்காரத்தனமும் உள்ளவர்களாக இருக்கட்டும். ஒன்றோடு நிறுத்தாமல் மூன்று நான்கு கொடுங்கள், ஏனென்றால் ஒருவரை விதிவிலக்காக்குவது எளிது, பத்துப் பேரை விதிவிலக்காக்குவது கடினம். நீங்களும் அதே நூலை வாசித்துவிட்டு, அவர் கருத்தைக் கேட்பதற்குப் பதிலாக, "அந்த அம்மா ஏன் அப்படிச் செஞ்சாங்க பெரியப்பா?" என்பதுபோல் பாத்திரத்தின் செயலைப் பற்றிக் கேளுங்கள். பேச்சு சற்று நெகிழ்ந்தபின், தன்னை யாராவது இன்னார் என்று முன்கூட்டியே முடிவுசெய்து அவமதித்த நாள் நினைவிருக்கிறதா என்று கேட்கலாம். இப்படித் தன் அனுபவத்தைச் சொல்லவைக்கும் பத்து நிமிட உரையாடல்கள், திருநர்கள் மீதான தப்பெண்ணத்தைக் குறைத்து, அந்த மாற்றம் குறைந்தது மூன்று மாதங்களாவது நிலைத்தது என்று 2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரே உரையாடலுக்கு அவ்வளவு பலன் என்பது இந்தத் துறையில் அரிது.

இத்தனைக்குப் பிறகும் அவர் உள்ளுக்குள் மாறாமலே இருக்கக்கூடும். அதற்கு உங்களைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் அவர் அந்த ஒருவரிப் பேச்சைத் தொடங்கும்போது, வீட்டில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறீர்களா, அல்லது யாராவது ஒருவர் நிதானமாக, "எனக்கு அப்படித் தோணலை பெரியப்பா" என்று சொல்கிறீர்களா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அவர் என்ன நினைத்துக்கொண்டாலும், அந்தப் பேச்சு அந்த வீட்டில் எல்லோருக்கும் பொதுவானது இல்லை என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கேட்கும். புத்தகங்களை அவருக்கு வாங்கும்போது அந்தப் பிள்ளைகளுக்கும் இரண்டு வாங்குங்கள், வாசித்தபின் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.